குதிரை கடிக்கிறதா, குதிரையை ஏதாவது கடிக்கிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கிப் போகிறவர்கள் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் ஒரே புகாரோடு வருவார்கள்: "சந்தையில சாதுவா நின்னுச்சுங்க. இப்பக் கிட்டப் போனாலே கடிக்குது." நாலு அடி போட்டால் அடங்கிவிடும் என்று அதற்குள் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் மழை பெய்திருக்கிறது. ஈயும் கொசுவும் பெருகியிருக்கின்றன. தீவனம் மாறியிருக்கிறது, வார் பட்ட இடம் புண்ணாகியிருக்கலாம். குதிரை கடிப்பதையும் குதிரையைப் பூச்சி கடிப்பதையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் காரணம் பிடிபடாது. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

உங்கள் குதிரையிடம் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை எல்லாரும் படித்துவிடுங்கள். அவை உயிர் சம்பந்தப்பட்டவை.

கடி ஏற்கெனவே பட்டுவிட்டது

குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். குதிரையின் முன்பல் தட்டையானது. நாய்ப்பல்லைப் போலக் குத்தாது, நசுக்கும். மேல்தோல் கிழியாமலே உள்ளே சதை நைந்துபோய், மறுநாள் கருநீலமாக வீங்கும். அதனால் ரத்தம் வரவில்லை என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. விரல் மாட்டியிருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

தோல் கிழிந்திருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். லத்தியிலும் லாயத்து மண்ணிலும் டெட்டனஸ் கிருமி சகஜமாக இருக்கும், தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று கேட்பார்கள். வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். குதிரையைத் தெருநாய் கடித்ததா, கொஞ்ச நாளாக அது எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இதுவரை கடிக்காத குதிரை திடீரென்று கண்டதையெல்லாம் கடிக்கிறது

நேற்றுவரை குழந்தை தொட்டாலும் அசையாமல் நின்ற குதிரை, இன்று கட்டுக்கம்பத்தை, தொட்டியை, தன் காலையே கடிக்கிறது. பின்னங்கால் தள்ளாடுகிறது. தண்ணீரை விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே வெறிநோயாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் பெரிய ஆபத்து நடக்கிறது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். எக்காரணம் கொண்டும் கையை விடாதீர்கள். ஆளையும் நாயையும் அண்டவிடாமல் குதிரையைத் தனியாக அடைத்துவிட்டு, 1962 என்ற கால்நடை அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எச்சில் பட்டவர்கள் எல்லாரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி தொடங்கிவிட்ட குதிரைக்கு மருந்து கிடையாது, சில நாளிலேயே இறந்துவிடும். மூளையைத் தாக்கும் வேறு நோய்களும், கடுமையான வயிற்றுவலியும் இதே மாதிரி தோற்றம் தரலாம். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

வேலை முடிந்ததும் ஊருக்குள் அவிழ்த்துவிடப்படும் உதகைக் குதிரைகள் தெருநாய் நடுவில்தான் மேய்கின்றன. நாய் நடமாடும் எந்த இடத்தில் குதிரை வைத்திருந்தாலும், அதற்கு வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

வார் இறுக்கும்போது திரும்பிக் கடிக்கிறது

இது குதிரை சொல்கிற புகார். சேணத்தை எடுத்து வைத்துவிட்டு, முன்னங்கால் உடம்போடு சேர்கிற இடத்துக்குப் பின்னால் வார் ஓடுகிற வழி முழுக்க விரல் நுனியால் தடவிப் பாருங்கள். முடி தேய்ந்த இடம், சூடான இடம், வீங்கிய இடம், ஒட்டுப்புல் குத்தி நிற்கிற இடம் எல்லாம் கைக்குத் தெரியும். அடுத்து, பிடரி முடிகிற இடத்தின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். முதுகைத் தாழ்த்திக்கொண்டு நழுவினால் சேணம் பொருந்தவில்லை. புண் ஆறும்வரை சேணம் போடக் கூடாது. கீழே தடிமனான துணி மடித்துப் போட்டுச் சமாளிப்பதால் அழுத்தம் கூடத்தான் செய்யும். நேற்றைய வியர்வை காய்ந்து மொடமொடவென்று இருக்கிற துணியையும் துவைக்காமல் போடாதீர்கள்.

புண் இல்லையென்றால் வாரை இறுக்குகிற விதத்தை மாற்றிப் பாருங்கள். முதலில் சேணம் நழுவாத அளவுக்கு மட்டும் பூட்டி, பத்தடி நடத்துங்கள். பிறகு ஒரு துளை இறுக்குங்கள். மறுபடி நடத்திவிட்டுக் கடைசித் துளை. ஒரே இழுப்பில் இறுக்கிப் பழக்கிய குதிரை, வாரைக் கையில் எடுக்கும்போதே காதை மடக்கும். அந்தப் பயம் போகக் கொஞ்ச நாள் ஆகும்.

அதற்கும் மாறவில்லையென்றால் வயிற்றுப் புண்ணைச் சந்தேகப்பட வேண்டும். குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரக்கும். காலையில் கொள்ளு, மாலையில் கொள்ளு, நடுவில் வெறும் வயிறு என்று நிற்கிற குதிரைக்கும், கல்யாண ஊர்வலத்துக்காக மாலையிலிருந்து காத்து நிற்கிற குதிரைக்கும் அந்த அமிலம் இரைப்பைச் சுவரையே அரிக்கும். கொள்ளைப் பாதியில் விடுவது, உடம்பு தேறாதது, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது இதன் அடையாளங்கள். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்கு 5 முதல் 6 கிலோ உலர்ந்த புல்லோ தட்டோ போக வேண்டும், அதுவும் பல தடவையாகப் பிரித்து. காய்ந்த கொழுக்கட்டைப்புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. சவாரிக்கு முன்னால் ஒரு பிடி புல் தின்னக் கொடுங்கள். மருந்தை மருத்துவர் பார்த்துத் தரட்டும்.

கடிவாளம் மாட்டும்போது மட்டும் கடித்தால் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும், கீழ்ப் பற்களின் உள் ஓரமும் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். மருத்துவர் அரம் வைத்து ராவிவிடுவார். இரண்டரை வயதிலிருந்து சுமார் ஐந்து வயதுவரை பால்பல் விழுந்து முளைக்கிற காலம். அந்த வயதுக் குதிரை வாய் விஷயத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலையை வெடுக்கென்று வயிற்றுப் பக்கம் திருப்புகிறது, காலைத் தரையில் அடிக்கிறது

கடிக்கிற குதிரை என்று பெயர் வாங்கிய பல குதிரைகள் உண்மையில் ஈயைக் கடிக்கப் போனவை. விலாவில் ஈ உட்கார்ந்ததும் தலையை மொத்தமாக வீசித் திருப்பும். தோளருகே நிற்கிற ஆளின் கையில் பல் பட்டுவிடும். அதற்கு அடி வாங்கினால், ஈ கடித்த வலியோடு ஆள் அடித்த வலியும் சேர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் உண்மையிலேயே ஆளைக் கடிக்க ஆரம்பிக்கும்.

இரண்டையும் முகத்தில் பிரித்துப் பார்க்கலாம். ஈயை விரட்டுகிற குதிரைக்குக் காது பின்னால் ஒட்டியிருக்காது. தோல் அங்கங்கே துடிக்கும், வால் சுழலும், பார்வை தன் வயிற்றின் மேல் இருக்கும். ஆளைக் கடிக்கப் போகிற குதிரையோ காதைக் கழுத்தோடு மடக்கும். மூக்குத் துவாரத்தின் பின் ஓரத்தில் இரண்டு மூன்று சுருக்கம் விழும், உதட்டு ஓரம் இறுகும். கழுத்து நீள்வது அதற்குப் பிறகுதான். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் காது நுனி உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் நுனியைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். காதின் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

காலை மாற்றி மாற்றித் தரையில் அடிக்கிறது என்றால், குனிந்து முழங்காலுக்குக் கீழே பாருங்கள். சாதாரண வீட்டு ஈ மாதிரியே சாம்பல் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கும். வீட்டு ஈ நக்கத்தான் செய்யும். இதற்குத் தலைக்கு முன்னால் கறுப்பு ஊசி ஒன்று நேராக நீட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் தலை மேலே பார்த்தபடி உட்காரும். உங்கள் காலுறைக்கு மேலேயே கடித்துவிடும். இதுதான் லாயத்துக் கடி ஈ. குதிரையின் காலிலும் அடிவயிற்றிலும் ஆணும் பெண்ணும் இரண்டுமே ரத்தம் குடிக்கும். நாள் முழுக்கக் காலை அடித்துக்கொண்டிருக்கிற குதிரைக்கு லாடம் தளரும், குளம்பு விரியும், உடம்பு இளைக்கும்.

இதை மருந்தால் மட்டும் ஒழிக்க முடியாது. இது முட்டையிடுகிற இடம் சிறுநீரும் லத்தியும் வைக்கோலும் கலந்து ஊறிய ஈரம். லத்தியைத் தினமும் அள்ளிவிட்டோமே என்பார்கள். தீவனத் தொட்டிக்கு அடியில், சுவர் ஓரத்தில், கட்டுத்தரை பள்ளமான இடத்தில் நசநசவென்று கிடக்கிற பழைய வைக்கோலை விட்டுவைத்திருப்பார்கள். ஒரு குச்சியால் கிளறுங்கள். வெளுத்த புழு நெளிந்தால் ஈ வருகிற இடம் அதுதான். அதை மொத்தமாகச் சுரண்டி எடுத்து, தரையை வாட்டம் சரிசெய்து, காயவிடுங்கள். அள்ளிய லத்தியைக் குவித்து வைக்காமல் வெயிலில் மெல்லியதாகப் பரப்பினால் புழு காய்ந்து செத்துவிடும். கோடையில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வரப் பத்து நாள்கூடப் போதும், கடி ஈக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். மாதம் ஒரு தடவை சுத்தம் செய்வதில் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். சுத்தம் செய்த அன்றைக்கே ஈ குறையாது. ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவை சாக வேண்டும், அதுவரை விடாமல் செய்யுங்கள்.

மூடிய லாயத்துக்குள் வேப்பிலைப் புகை போடுகிற வழக்கத்தை விட்டுவிடச் சொல்லுவேன். குதிரையின் நுரையீரல் தூசுக்கும் புகைக்கும் சீக்கிரம் கெட்டுப்போகும். அதற்குப் பதில் ஒரு மின்விசிறி நன்றாக உதவும். வேப்பெண்ணெயை அப்படியே பூசினால் சில குதிரைகளுக்குத் தோல் எரிந்துவிடும். நீர்க்கச் செய்து, கழுத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே மற்ற இடத்தில் பூசுங்கள்.

பிடரியும் வாலும் தேய்ந்து முடி கொட்டுகிறது

மரத்திலும் சுவரிலும் பிடரியைத் தேய்க்கிறது, வால் அடி எலிவால் மாதிரி மொட்டையாகிறது, அடிவயிற்றின் நடுக்கோட்டில் பொருக்குத் தட்டுகிறது. ஒவ்வொரு வருடமும் அதே மாதங்களில் வருகிறது. இவை சேர்ந்தால், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பொடிப் பூச்சி ஒன்று கடிப்பதால் வருகிற ஒவ்வாமை. ஆட்டுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகிற கியூலிகாய்டிஸ் வகைப் பூச்சிதான் இது. அதன் எச்சில் எல்லாக் குதிரைக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. பக்கத்தில் நிற்கிற குதிரைக்கு ஒன்றுமே இருக்காது.

பொழுது சாய்கிற நேரமும் விடிகிற நேரமும் இதன் வேளை. பறக்கிற வலு ரொம்பக் குறைவு. எனவே வெளிச்சம் மங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குதிரையை உள்ளே கட்டி விசிறியைப் போட்டுவிடுங்கள். குட்டை, வயல், சேறு பக்கத்தில் கட்ட வேண்டாம். சாதாரணக் கொசுவலையின் கண் வழியே புகுந்துவிடும், இன்னும் நெருக்கமான வலை தேவை. அரிப்பை நிறுத்த மருத்துவர் ஸ்டீராய்டு தரலாம். அதைக் கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள், குளம்பு அழற்சி வந்து குதிரை நிரந்தரமாக நொண்டும் அபாயம் உண்டு.

வாலை மட்டும் தேய்த்தால் ஆசனவாய்ப் புழுவாக இருக்கலாம். உடம்பு முழுக்க அரித்து, முடியைப் பிரித்தால் நகர்கிற பொடி தெரிந்தால் பேன்.

பகலில் பெரிய ஈ கடித்து ரத்தம் வடிகிறது, பிறகு காய்ச்சல், கால் வீக்கம்

கட்டைவிரல் நகம் அளவில், பெரிய கண்ணோடு வருகிற குதிரை ஈ தோலை வெட்டிக் கடிக்கும். ஈ பறந்த பிறகும் கடித்த இடத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கும். பெண் ஈ மட்டுமே ரத்தம் குடிக்கும். பகல் வெளிச்சத்தில், தண்ணீர் ஓரத்தில் தொல்லை அதிகம். இருட்டான கொட்டகைக்குள் அதிகம் வராது, உச்சிப் பொழுதில் உள்ளே கட்டினாலே பாதித் தொல்லை போய்விடும். கறுப்பு, பழுப்புக் குதிரைகளை அதிகம் மொய்க்கும், வெள்ளைக் குதிரைக்குக் குறைவு. குதிரைக்கு வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட போர்வை போர்த்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. போர்வை மூடிய இடத்தில் ஈ உட்காருவது வெகுவாகக் குறைந்திருந்தது. வெளிறிய நிறத்தில் மெல்லிய போர்வை போடுவது வீண் செலவு இல்லை.

இந்த ஈயைப் பார்த்து நான் பயப்படுவது கடிக்காக இல்லை, சர்ரா நோய்க்காக. 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இந்த நோயின் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். நோயுள்ள விலங்கைக் கடித்துப் பாதியில் விரட்டப்பட்ட ஈ, ரத்தம் காயாத வாயோடு அடுத்த குதிரையைக் கடிக்கும்போது பரவுகிறது. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். நன்றாகத் தின்றாலும் இளைக்கும். ஈறு வெளுக்கும். கால்களும் அடிவயிறும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். கடைசியில் நடை தள்ளாடும். சிகிச்சை இல்லாவிட்டால் குதிரை பிழைப்பது அரிது.

ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். ஓய்வாக நிற்கிற குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. அதைத் தாண்டுகிற நாளிலேயே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், காய்ச்சல் இருக்கும்போதுதான் ஒட்டுண்ணி எளிதாகச் சிக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ சென்னை வேப்பேரியிலோ காட்டலாம்.

காதுக்குள், பிடரி அடியில், வாலுக்குக் கீழே உண்ணி

இந்தப் பகுதியில் ஒரு விஷயத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைக் குதிரைக்கு ஊற்றாதீர்கள். புட்டியில் அமிட்ராஸ் என்று போட்டிருந்தால் குதிரை பக்கமே கொண்டுபோகக் கூடாது. மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படுகிற அந்த மருந்து குதிரையின் குடல் அசைவை நிறுத்திவிடும். பெருங்குடலில் லத்தி கட்டி, வயிற்றுவலியில் குதிரை இறந்துபோகலாம். டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்தென்றாலும் எந்த அளவில் கலப்பது என்பதைக் குதிரைக்கென்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே தெளியுங்கள். மாட்டு ஐவர்மெக்டின் ஊசியையும் போட வேண்டாம், குதிரைக்கு வாய்வழிப் பசை இருக்கிறது.

உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். காய்ச்சலோடு ஈறு மஞ்சளாகவோ, சிறுநீர் கறுஞ்சிவப்பாகவோ இருந்தால் உண்ணிக்காய்ச்சல், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

முன்னங்கால் முடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கிறது

அது பொடியில்லை, ஒரு வகை ஈ ஒட்டிவிட்டுப் போன முட்டை. இந்த ஈ கடிக்காது, ஆனால் முட்டை ஒட்ட வரும்போது குதிரை மிரண்டு ஓடும். குதிரை காலை நக்கும்போது புழு வாய்க்குள் போய், இரைப்பையில் மாதக்கணக்கில் தொங்கும். மொக்கையான கத்தியால் முடியோடு சுரண்டி எடுத்துவிட்டு, குடற்புழு மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் ஆறாமல் சதை வளர்கிற புண்

கண் ஓரம், கால், குறி உறை ஆகிய இடங்களில் புண் ஆறாமல் சிவந்து வளர்ந்து, நடுவில் அரிசி நொய் மாதிரி மஞ்சள் மணிகள் தெரிந்தால், ஈ கொண்டுவந்து விட்ட புழுக்குஞ்சு உள்ளே இருக்கிறது. களிம்பு மட்டும் போட்டால் ஆறாது. மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றாதீர்கள்.

கையை மோந்து விரலைக் கவ்வுகிறது

குதிரைக்குத் தன் மூக்குக்குக் கீழே இருப்பது கண்ணில் படாது. உதட்டாலும் மீசை முடியாலும் தடவித்தான் கேரட் எங்கே, விரல் எங்கே என்று கண்டுபிடிக்கும். (அந்த மீசை முடியை அழகுக்காக வெட்டாதீர்கள்.) மெரினாவிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் வருகிறவர் போகிறவர் எல்லாம் பிஸ்கட் நீட்டிப் பழக்கிய குதிரை, வெறுங்கையைப் பார்த்தாலும் கவ்வும். கையால் கொடுப்பதை அடியோடு நிறுத்தி, எதுவானாலும் வாளியில் போடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் ரகசியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் பழக்கம் போகாது.

குட்டி கடித்தால் சிரித்து விளையாட வேண்டாம். மூக்கைத் தட்டிவிடுவதும் அதற்கு விளையாட்டுத்தான். பல் படுகிற அந்த நொடியிலேயே அதட்டி, இரண்டடி பின்னால் நகரச் செய்யுங்கள். அரை நிமிடம் கழித்துக் கொடுக்கிற தண்டனை எதற்கென்று அதற்குப் புரியாது.

ஆண்குதிரை ஓயாமல் கவ்வுகிறது

நம் பக்கத்தில் காயடிக்காத ஆண்குதிரையை வைத்திருப்பதைப் பெருமையாக நினைக்கிறோம். பெட்டையை நெருங்கும்போதும் போட்டியிடும்போதும் கவ்வுவது ஆண்குதிரையின் இயல்பு, அதை அடித்து மாற்ற முடியாது. தனியாக ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் இன்னும் மோசமாகும். தினமும் நன்றாக நடத்துங்கள், வேறு குதிரை கண்ணில் படுகிற இடத்தில் கட்டுங்கள், எப்போதும் புல் கிடைக்கச் செய்யுங்கள். இனவிருத்திக்கு வைக்காத குதிரையென்றால் இளவயதிலேயே காயடித்துவிடுவதுதான் அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வயதான பிறகு காயடித்தாலும் வேகம் தணியும், ஆனால் ஊறிப்போன பழக்கத்தைத் தனியாக மாற்ற வேண்டியிருக்கும். திருவிழா, ஊர்வலம் என்று கூட்டத்துக்குள் கொண்டுபோகும்போது மூச்சு தாராளமாகப் போகிற அளவுள்ள வாய்க்கூடை போடுங்கள். தண்ணீர் காட்டவும் புல் வைக்கவும் நடுநடுவே கழற்றிவிட வேண்டும்.